எவர்சில்வர் கத்திக்கும் துரு வரும்

நம் வீடுகளில் எவர்சில்வர் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. சீர்வரிசையில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டு வெகு காலமாகிறது. பெயரே ‘என்றும் வெள்ளி’ என்று சொல்வதால், அதில் துரு தென்பட்டால் முதலில் கடைக்காரர்மேல்தான் சந்தேகம் வருகிறது. குடம், தட்டு, டம்ளரில் இது அபூர்வம். பேனாக்கத்தியில் மட்டும் அடிக்கடி நடக்கிறது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அலகில் மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். சிலர் ‘போலிச் சரக்கு’ என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சிலர் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து அலகில் பாதியைத் தீப்பொறியாகப் பறக்க விடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில், வீட்டிலுள்ள பொருள்களாலேயே போய்விடும். எதைக்கொண்டு தேய்க்கிறோம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்தால் போதும்.

துருவைப் பற்றிப் பேச நம் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இங்கே பூமிக்குள்ளிருந்து எடுத்தது துருவே அறியாத உலோகம். எடுக்கப் பயன்பட்டதோ துருவுக்கென்றே பிறந்த உலோகம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த தங்கம் பளபளப்புக் குறையாமல் வெளியே வந்தது. அதை மேலே ஏற்றிய இரும்புக் கோபுரங்கள் இன்று சாம்பியன் ரீஃப் பக்கம் போனால் எந்த நிறத்தில் நிற்கின்றன என்று நமக்கே தெரியும்.

தங்கம் காற்றோடும் தண்ணீரோடும் உறவே வைத்துக்கொள்ளாது. அதனால் அதற்குப் பாதுகாப்பே தேவையில்லை. எவர்சில்வர் அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி இரும்புதான். குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் சேர்ந்திருக்கும். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி, உலோகத்தின்மேல் ஒரு தோலைப் போர்த்திவிடுகிறது. அந்தத் தோலின் கனம் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோலை நம்பித்தான் நாம் எவர்சில்வரில் மோர் ஊற்றி வைக்கிறோம். கீறல் விழுந்தால் தோல் கிழியும். காற்றுப் பட்டதும் தானாகவே மறுபடி வளரும். பெயின்ட் அடித்த இரும்புக்கு இந்த வரம் கிடையாது.

ஆனால் எந்த உலோகத்துக்கும் ஒரு எதிரி உண்டு. தங்கத்துக்கு அது சயனைடு என்பதைத் தங்கவயல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளே சாட்சி. குரோமியத் தோலுக்கு எதிரி குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. உப்புக் கரைசல் ஒரு துளி ஓரிடத்தில் தங்கி, அங்கே காற்றும் புகாமல் இருந்தால் தோல் அந்த இடத்தில் ஓட்டையாகும். தோல் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். அது இல்லாததால் ஓட்டை ஆழமாகும். உள்ளிருக்கும் இரும்பு துருவாகி வெளியே வரும். நாம் பார்க்கும் சிவப்புப் புள்ளி அதுதான்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் பெரிய அளவில் தெரியும். 1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய மாடல் பெட்டிகளில், பீரியாடிக் ஓவர்ஹாலுக்கு வரும்போது முதலில் குனிந்து பார்க்கும் இடம் கழிவறைக்கு அடிப்பக்கம்தான். சிறுநீரிலும் உப்பு இருக்கிறது. ஈரம் காய வழியில்லை. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, அந்த மூலையில் தகடு அப்பளமாக நொறுங்கும். கடற்கரைப் பகுதிகளில் மீன் கூடையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தண்டவாளத்தையே அரிக்கும். 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக்கு வந்த எல்.எச்.பி. பெட்டிகளின் கூடு எவர்சில்வர் இனத்து எஃகால் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். பெரம்பூரிலும் 2018 ஜனவரியோடு பழைய மாடல் நின்றது. பெங்களூர் மெட்ரோ ரயிலின் பளபளக்கும் உடம்பும் இதே இனம்தான்.

இனி நம் சட்டைப்பைக்கு வருவோம். மாரிகுப்பத்திலும் ஊரிகாமிலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில். அவர்களில் எத்தனையோ பேர் பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். கொய்யாக்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கைக்குட்டையில் ஒரு துடைப்பு. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாயிற்று. கைக்குட்டையில் வியர்வை, அதுவும் உப்பு. மடக்கிய கத்தியின் உள்ளே காற்று போகாது. உப்பு, ஈரம், காற்றில்லாத இடுக்கு என்று கெடுதலுக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. வீட்டிலுள்ள தட்டு கழுவியதும் கவிழ்ந்து காய்கிறது. பேனாக்கத்திக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அலகில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளமும், அலகு கைப்பிடியோடு சேரும் ஆணியும்தான் முதலில் துருவைக் காட்டும் இடங்கள்.

இன்னொரு காரணம் எஃகிலேயே இருக்கிறது. தட்டுக்கும் டம்ளருக்கும் நல்ல சரக்கு என்றால் குரோமியம் 18, நிக்கல் 8 பங்கு கொண்டது. அது மென்மையானது, அதில் கத்தி செய்தால் தக்காளித் தோல்கூட மக்கர் பண்ணும். கத்திக்குக் கூர் நிற்க வேண்டும், அதற்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் தோலுக்கு மிஞ்சுவது குறைவு. எனவே நல்ல பெயருள்ள கம்பெனியின் கத்தியும், தட்டைவிடச் சீக்கிரம் துரு காட்டும். இது மோசடி அல்ல. கூருக்காக நாம் கொடுக்கும் விலை.

கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘காந்தம் ஒட்டினால் போலி’ என்பது பாத்திரத்துக்கே பாதி உண்மைதான். கத்திக்குச் சுத்தமாகப் பொருந்தாது. கடினமாக்கப்பட்ட கத்தி எஃகு எல்லாமே காந்தத்தில் ஒட்டும். 1992 முதல் புழக்கத்துக்கு வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், அதுவும் ஒட்டும். மறுபக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவுச் சரக்கு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 18/8 அளவுக்குத் துருவைத் தாங்காது. கத்தி வாங்கும்போது காந்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், எவர்சில்வர் வாழ்க்கையைத் தொடங்கியதே கத்தியாகத்தான். 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாதிருக்க வழி தேடி, சுமார் 13 பங்கு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். அது துப்பாக்கிக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜைக்குப் போனது. அவர் அதைத் ‘துருவில்லா எஃகு’ என்றுதான் அழைத்தார். அதே ஊரில் கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை வினிகரில் போட்டுப் பார்த்து, கறை படியவில்லை என்று கண்டு ‘ஸ்டெயின்லெஸ்’ என்றார். பின்னவர் வைத்த பெயர்தான் நிலைத்தது. என்னைக் கேட்டால் அடக்கமான பெயரும் அதுதான்.

கையில் எடுக்குமுன் ஒரு எச்சரிக்கை. சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்குப் போவதற்கு முன்பிருந்த காலத்துக் கத்திகள் நம்மில் சிலர் வீட்டில் இருக்கக்கூடும். ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே ‘ஷிப்ட்’ பார்த்த தாத்தாவோ அப்பாவோ வைத்திருந்தது. அலகின் அடியில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றோ ‘இனாக்ஸ்’ என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், அலகு முழுவதும் ஒரே சீரான சாம்பல் கறுப்பாக இருந்தால் அது சாதாரணக் கார்பன் எஃகு. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. அந்த எஃகுக்குக் கிடைத்த ஓரளவு பாதுகாப்பே அதுதான். கீழே சொல்லும் புளிப்பு வைத்தியம் எதுவும் அதற்கு வேண்டாம். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தெடுத்து, மறுபடி எண்ணெய் பூசி வையுங்கள். பெரியவர் கை பட்ட பொருளைப் பளபளப்பாக்குகிறேன் என்று கிளம்பி, அவர் தீட்டித் தீட்டி உண்டாக்கிய அலகின் வடிவத்தையே அழித்துவிட வேண்டாம்.

இப்போது எவர்சில்வர் கத்தி. விம் சோப்பும் வெந்நீரும் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பாதிப் புள்ளி இதிலேயே போய்விட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அவை கத்தியின் துருவே அல்ல. வேறு இரும்புத்தூள் வந்து ஒட்டித் துருப்பிடித்தவை. சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்த கத்திக்கு இது சகஜம்.

மிச்சப் புள்ளிக்கு ஆப்ப சோடா. இரண்டு சிட்டிகை சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சட்னி பதத்தில் குழைத்து, புள்ளியின்மேல் பூசிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கத்தியை ஒரு பலகைமேல் சாய்த்து வைத்து, ஈரத்துணியாலோ பாட்டில் கார்க்காலோ தேய்க்க வேண்டும். தேய்க்கும் திசை முக்கியம்: கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி, அலகில் ஏற்கெனவே உள்ள கோடுகளின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். கூரை நோக்கித் தேய்த்தால் விரல் போகும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தி தேய்க்கும் வேகத்தில் சட்டென்று மடங்கும் குணமுடையது. பலகையில் படுக்க வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அதற்கும் மசியாவிட்டால் எலுமிச்சை அல்லது வினிகர். பஞ்சில் நனைத்துப் புள்ளியின்மேல் ஐந்து நிமிடம் வைத்து, மறுபடி சோடாவால் தேய்த்துக் கழுவுங்கள். இரவு முழுவதும் ஊறப் போடுவது கூடாது. புளிப்பு ஆணிக்குள் இறங்கினால் அங்கே புதுத் துரு ஆரம்பிக்கும். நம் வீட்டுப் பெண்மணிகள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: பித்தளைக்குச் செய்வதுபோல் புளியோடு கல்லுப்புச் சேர்க்கலாமா? கூடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்கில் அந்தக் கூட்டு அற்புதம் செய்யும். எவர்சில்வருக்கோ அது எதிரியை விருந்துக்கு அழைப்பது. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கும் பழக்கத்தைக் கத்தியிடம் காட்ட வேண்டாம்.

இதற்கும் மேல் பிடிவாதமான புள்ளிக்கு ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் கடைசியில் தெளிக்கும் அந்த வெள்ளைத் தூள்தான். ராபர்ட்சன்பேட்டை ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் ‘பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட்’ தூளிலும் முக்கியச் சரக்கு இதுவே. துருவோடு சேர்ந்து தண்ணீரில் கரையும் பொருளாக அதை மாற்றிவிடும். நல்ல எஃகை அந்தச் சில நிமிடத்தில் ஒன்றும் செய்யாது. ஆனால் இது விஷம். ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், தூளை முகர வேண்டாம், சமையல் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். பஞ்சால் தொட்டு வைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் துடைத்து, நிறையத் தண்ணீரில் கழுவி, சோடாத் தண்ணீரில் ஒருமுறை அலசி, மறுபடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தொழிற்சாலையில் வெல்டிங் ஆன எவர்சில்வர் தகட்டை இதைவிட உக்கிரமான ஆசிட்டில் முக்குவார்கள். அதற்குப் பெயர் ‘பிக்ளிங்’. ஊறுகாய் போடுவது என்றே அர்த்தம்.

புள்ளி போன இடத்தில் ஊசி முனைக் குழி ஒன்று கறுப்பாகத் தெரியலாம். துரு உள்ளே இறங்கியிருந்ததற்கு அது அடையாளம். தையல் ஊசியால் குடையாதீர்கள். ஊசியின் இரும்பு அங்கே தங்கி நாளை துருவாகும். மூங்கில் பல்குச்சி முனையில் சோடாவோ ஆக்ஸாலிக் ஆசிட்டோ தொட்டுச் சுழற்றினால் போதும். அலகின் பக்கவாட்டில் குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சுத்தமாகக் காய வைத்தால் அது வளராது. கூர்முனையிலேயே குழி இருந்தால் மட்டும் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, குழி மறையும்வரை தீட்ட வேண்டும். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது கடைசி வழி. துரு போகும், கம்பெனி பாலிஷும் கூடவே போகும்.

செய்யக்கூடாதவற்றில் முதலிடம் பாத்ரூம் ஆசிட்டுக்கு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பெயரிலேயே குளோரின் இருக்கிறது. துருவை நொடியில் எடுக்கும், குரோமியத் தோலையும் சேர்த்து. ஒரு வாரத்தில் கத்தி முன்னைவிட மோசமாகும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. அதை எந்த ஆசிட்டோடும் சேர்த்தால் கிளம்பும் குளோரின் வாயு, கத்தியை விட்டுவிட்டு உங்கள் நுரையீரலைப் பிடிக்கும். சாதாரண இரும்புக் கம்பிச் சுருளால் தேய்ப்பதும் வேண்டாம். அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். வேண்டுமானால் எவர்சில்வர் சுருளே கடையில் கிடைக்கிறது, ஆனால் அது கீறும். சாணைச் சக்கரத்தைப் பற்றி முன்பே சொன்னேன். தண்ணீரில்லாமல் சுற்றும் சக்கரத்தில் அலகு சுட்டுப் பழுப்போ நீலமோ ஏறினால், அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

துருப்பிடித்த கத்தி வெட்டினால் டெட்டனஸ் வரும் என்ற பயமும் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கிருமி துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. பளபளக்கும் புதுக் கத்தியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்து அதே அளவுதான். எனவே கத்தியைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல், காயத்தைக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

துரு போன கத்தியை உடனே எண்ணெயில் முக்க வேண்டாம். நன்றாகத் துடைத்து, அலகைத் திறந்தபடியே, பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் ஓரிரவு காற்றாட வைத்துவிடுங்கள். குரோமியத் தோல் மறுபடி கட்டிக்கொள்ள அந்தக் காற்றுதான் மருந்து. நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரிலும் உப்பு இருப்பதால், கழுவியதைத் தானாகக் காயவிடாமல் துணியால் துடைத்துவிடுவது அவசியம்.

மறுநாள் ஆணியில் ஒரு சொட்டு, அலகில் விரலால் தடவும் அளவு எண்ணெய். எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,700 அடிக்கு மேலே இருக்கும் நம் ஊரில் மார்கழி மாதம் அது பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். ஆணிக்குள் மட்டும் உறையாதா? நாளானால் பிசுக்காகித் தூசியையும் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, ஆணிக்கு நல்லது. ஆனால் பழம் நறுக்கும் அலகுக்கு ஆகாது. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் இரண்டுக்கும் ஏற்றது. சின்னப் பாட்டில் ஒன்று, ஒரு கத்திக்குப் பல வருஷம் வரும்.

கத்தியைத் தோல் உறையில் வைக்கும் ஆசை சிலருக்கு உண்டு. ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டினால் வரும் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் நல்ல தோல்தான். அதைப் பதப்படுத்தவும் குரோமியத்தின் உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு விசித்திரமான சொந்தம். ஆனால் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துப் போகும்போது உறை இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து, உலர்ந்த துணியில் சுற்றி, அலமாரியில் தனியாக வையுங்கள். ரயிலில் கொய்யாக்காய் நறுக்கிய அன்று மட்டும், மடக்குமுன் குடிதண்ணீர் கொஞ்சம் ஊற்றி அலகைக் கழுவி, காகிதத்தால் துடைத்துவிடுங்கள். கைக்குட்டை வேண்டாம்.